ஒரு கேள்வி, பல இடாப்புகள்: வளைகுடாவில் எங்கள் விபரங்கள் ஒன்றுசேரும் விதம்

2022 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நீண்டகால வழக்கம் ஒன்று நின்றுபோனது. வதிவிட விசாவைக் கடவுச்சீட்டின் பக்கத்தில் ஒட்டித் தருவதை அந்த நாடு நிறுத்தியது. எமிரேட்ஸ் அடையாள அட்டையே வதிவிடத்துக்கான சான்று என்றானது. முன்பெல்லாம் விடுமுறை முடிந்து கொழும்பிலிருந்து டுபாய் திரும்புபவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும். இப்போது கடவுச்சீட்டில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கருமபீடத்தில் இருப்பவர் எண்ணைக் கணினியில் இட்டதும், இவர் யார், இவருடைய வதிவிட அனுமதி எப்போது முடிகிறது என்பதெல்லாம் திரையில் வந்துவிடுகிறது.

இப்படி வரும் விபரங்கள் ஒரே தாளில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. ஆள் விபரம் ஓரிடம், கடவுச்சீட்டு ஓரிடம், விசா ஓரிடம், தொழில் ஒப்பந்தம் இன்னோரிடம் என்று தனித்தனி அட்டவணைகளில் இருப்பவற்றை, கேள்வி கேட்கப்படும் கணத்தில் கணினி சேர்த்துக் கொடுக்கிறது. பல அட்டவணைகளிலுள்ள தரவை ஒரே வினவலில் எடுப்பது கணினித்துறையில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடம். வளைகுடாவில் வாழும் எங்கள் குடும்பங்களுக்கோ அது வதிவிடம், சம்பளம், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தொடுகிற விடயம். அட்டவணைகளைச் சேர்க்கும்போது சிலர் விடுபட்டுப் போகிறார்கள். யார், ஏன் விடுபடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், விடுபடாமல் இருப்பதற்கு நாங்கள் செய்யக்கூடியவையும் தெரியவரும்.

ஏன் ஒரே கொப்பியில் எழுதுவதில்லை?

ஊரிலே ஒரு கிராம சேவையாளர் தன் பிரிவின் எல்லா விபரங்களையும் ஒரே கொப்பியில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் ஐந்து பேர். ஐந்து பெயருக்கு நேரேயும் ஒரே முகவரியை எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்தால் ஐந்து இடத்தில் திருத்தவேண்டும். நான்கில் திருத்தி ஒன்றை மறந்துவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று மட்டும் இன்னும் பழைய ஊரிலேயே இருப்பதாகக் கொப்பி சொல்லும். இடப்பெயர்வுகளைக் கண்டு வந்த எங்களுக்கு இந்தக் குழப்பத்தை விளக்கத் தேவையில்லை.

இதற்குத் தீர்வு சொன்னவர் எட்கார் கொட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது, 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொரு உண்மையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கவேண்டும். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, வீடுகளுக்கு ஓர் அட்டவணை. ஆளின் நிரையில் வீட்டின் எண்ணை மட்டும் குறித்தால் போதும். அவர் முன்வைத்த முறையின் சாரம் இதுதான். வீடு மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் சரி. 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் இருவரும் இவ்வட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை அறிமுகப்படுத்தினார்கள். இன்று எஸ்கியூஎல் என்று உலகம் முழுவதும் வழங்கும் மொழி அதிலிருந்து வளர்ந்ததே.

பிரித்து வைத்ததைத் தேவைப்படும்போது சேர்க்கவும் வேண்டும். அந்தச் சேர்க்கைக்குப் பெயர் ஜொயின்.

சாவி ஒன்றாக இருக்கவேண்டும்

இரண்டு அட்டவணைகளைச் சேர்ப்பதற்கு இரண்டிலும் பொதுவாக ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். அதைச் சாவி என்பார்கள். ஓர் அட்டவணையில் ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டுவது முதன்மைச் சாவி. அதே எண் வேறோர் அட்டவணையில் போய் உட்கார்ந்திருக்கும்போது அங்கே அது அந்நியச் சாவி. இலங்கைப் பாடநூல்களில் பிள்ளைகள் படிக்கும் சொற்கள்தான் இவை.

வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றும் தன் வதிவாளருக்கு இப்படியொரு சாவியைக் கொடுக்கின்றன. எமிரேட்ஸ் அட்டையின் எண் 15 இலக்கம். முதல் மூன்று இலக்கமான 784, அமீரகத்தைக் குறிக்கும் சர்வதேச நாட்டு எண். அடுத்த நான்கு பிறந்த ஆண்டு, அதன்பின் ஏழு இலக்கத் தொடர் எண், கடைசியில் எழுத்துப் பிழையைப் பிடிப்பதற்கான ஒரு சரிபார்ப்பு இலக்கம். கட்டாரின் எண் 11 இலக்கம். அதில் பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கம் ஒருவரின் நாட்டைக் குறிக்கும், இலங்கையருக்கு 144. குவைத்தின் எண் 12 இலக்கம். அதற்குள் பிறந்த திகதி முழுவதும் இருக்கிறது. சவூதி அரேபியாவில் வெளிநாட்டவரின் இக்காமா எண் 10 இலக்கம்; அது 2இல் தொடங்கும்.

பெயரைச் சாவியாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். எங்களுடைய பெயர்களை வைத்தே பதில் சொல்லலாம். தவராசா என்ற பெயரை ஒருவர் ஆங்கிலத்தில் 'டி' என்ற எழுத்தோடு தொடங்குவார். இன்னொருவர் அதோடு 'எச்' சேர்ப்பார். முடிவில் ஒருவருக்கு 'எஸ்', மற்றவருக்கு 'ஜே'. ழகரத்தை எழுதும் வழிகள் மூன்று நான்கு இருக்கின்றன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தமிழிலும், கடவுச்சீட்டில் ஆங்கிலத்திலும், வளைகுடா அட்டையில் அரபியிலும் எழுதப்படும் ஒரே பெயர், மூன்று தடவை மொழி மாறும்போது மூன்று பெயராகிவிடுகிறது. கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் ஆள் மாறியதுபோல்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பப் பெயர் என்ற ஒன்று எங்களிடம் இல்லை. தந்தையாரின் பெயரை முன்னால் வைக்கிறோம். இதனால் சிலருடைய கடவுச்சீட்டில் ஒரு பெயர் மட்டுமே இருந்து, மற்றக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட கடவுச்சீட்டில் வருகை விசாவோடு வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்தது. தந்தை பெயர் அல்லது குடும்பப் பெயர் கடவுச்சீட்டின் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் தளர்த்தியது. ஏற்கெனவே வதிவிட விசா உள்ளவர்களுக்கு அந்த விதி பொருந்தவில்லை. தரவுத்தள மொழியில் வெறுமைக்கு நல் என்று பெயர். நல் எதற்கும் சமமாகாது. இரண்டு அட்டவணைகளில் ஒரே இடம் வெறுமையாக இருந்தாலும் கணினி அந்த இரண்டையும் ஒன்றென்று பொருத்தாது. வெறுமை என்றால் 'தெரியாது' என்று பொருள். தெரியாத ஒன்று தெரியாத இன்னொன்றுக்குச் சமம் என்று எப்படிச் சொல்வது?

எண்ணும் மாறக்கூடும். இலங்கைத் தேசிய அடையாள அட்டையின் பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வருவது 12 இலக்கம். பழையதைப் புதியதாக்கும்போது முன்னால் 19 சேரும், நடுவில் ஒரு பூச்சியம் நுழையும், கடைசி எழுத்து போய்விடும். ஆள் ஒருவர்தான். ஆனால் பழைய காணி உறுதியில் ஒரு வடிவமும் புதிய வங்கிக் கணக்கில் மறு வடிவமும் இருந்தால், இந்த மாற்றத்தை அறியாத மென்பொருள் இருவர் என்றே எடுத்துக்கொள்ளும்.

விடுபடுபவர் யார்?

சேர்க்கையில் பல வகை உண்டு. இரண்டைத் தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். அமீரகத்தின் சம்பளப் பாதுகாப்பு முறையை உதாரணமாக எடுப்போம். 2009இல் தொழில் அமைச்சும் மத்திய வங்கியும் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு இது. தொழிலாளருக்குச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டோம் என்று நிறுவனம் வாயால் சொன்னால் போதாது. வங்கி அல்லது அனுமதி பெற்ற நாணய மாற்று நிறுவனம் வழியாகவே கொடுக்கவேண்டும். இதற்காக நிறுவனம் ஒரு சம்பள விபரக் கோப்பை அனுப்பும். அதில் ஒவ்வொரு தொழிலாளருக்கும் ஒரு வரி: அவரது 14 இலக்கத் தொழிலாளர் எண், வங்கிக் குறியீடு, கணக்கு எண், சம்பளக் காலம், நிலையான தொகை, மாறும் தொகை, விடுப்பு நாட்கள். கடைசி வரியில் மொத்தம் எத்தனை பேர், மொத்தத் தொகை எவ்வளவு என்று இருக்கும். இதுபோன்ற முறையைச் சவூதி அரேபியா 2013இலும் கட்டார் 2015இலும் தொடங்கின.

ஒரு நிறுவனத்தில் நான்கு தொழிலாளர்கள். எண்கள் 1, 2, 3, 4. மார்ச் மாதக் கோப்பில் 1, 2, 4 ஆகியோருக்கு மட்டும் வரிகள் இருக்கின்றன. கேள்வியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

தெரிவு: தொழிலாளர் எண், பெயர், சம்பளத் தொகை
எங்கிருந்து: தொழிலாளர் அட்டவணை
சேர்: சம்பள அட்டவணை
பொருத்தம்: இரண்டிலும் தொழிலாளர் எண் ஒன்று, மாதம் மார்ச்

இதை இன்னர் ஜொயின் என்ற வகையில் கேட்டால், இரண்டு அட்டவணைகளிலும் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள். விடை மூன்று வரி. மூன்று பேருக்கும் சம்பளம் போயிருக்கிறது. அறிக்கையைப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். சம்பளம் கிடைக்காத 3ஆம் எண்காரர் அந்த அறிக்கையிலேயே இல்லை.

அதே கேள்வியை லெப்ட் ஜொயின் என்ற வகையில் கேட்டால், இடப்பக்கத்து அட்டவணையில் உள்ள எல்லோரும் வருவார்கள். வலப்பக்கத்தில் பொருத்தம் இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக நிற்கும். விடை நான்கு வரி. 3ஆம் எண்ணுக்கு நேரே தொகை இல்லை. அந்த வெறுமையைத்தான் ஒரு பரிசோதகர் தேடவேண்டும்.

இதில் அனுபவமுள்ளவர்களும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 'மாதம் மார்ச்' என்ற நிபந்தனையைச் சேர்க்கும் வரியிலேயே எழுதவேண்டும். சேர்த்து முடித்த பிறகு வடிகட்டும் வரியில் எழுதினால், 3ஆம் எண்காரருக்கு மாதமும் வெறுமையாக இருப்பதால், வடிகட்டி அவரை வெளியே தள்ளிவிடும். எழுதியது லெப்ட் ஜொயின், கிடைப்பதோ இன்னர் ஜொயின் விடை. கணினி பிழைச் செய்தி எதுவும் காட்டாது. மென்பொருள் துறையில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. அந்த ஒரு வரியின் மறுமுனையில் ஒருவருடைய மாதச் சம்பளம் இருக்கக்கூடும்.

லெப்ட் ஜொயினுக்கும் எல்லை உண்டு. இடப்பக்கத்து அட்டவணையிலேயே இல்லாதவரை எந்தச் சேர்க்கையும் கொண்டுவராது. 2009இல் சம்பளப் பாதுகாப்பு முறை தொடங்கியபோது வீட்டுப் பணியாளர்கள் அதற்குள் இல்லை. இலங்கையிலிருந்து வளைகுடாவுக்குப் போன பெண்களில் மிகப் பலர் வீட்டுப் பணியாளர்களே என்பதை நாங்கள் அறிவோம். அமீரகத்தில் அவர்களுக்கென 2017இல் 10ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. சம்பளப் பாதுகாப்பு முறை அவர்களில் சில பிரிவினரை உள்ளே எடுத்தது அதற்கும் பின்னர்தான். ஒரு புள்ளிவிபரத்தைப் பார்க்கும்போது, 'இது யாருடைய அட்டவணையிலிருந்து தொடங்கியது?' என்று கேட்பது ஏன் அவசியம் என்பது இதில் புரியும்.

ஒரே கேள்வியாக ஏன் அனுப்பவேண்டும்?

கைத்தொலைபேசிச் செயலி நேரடியாகத் தரவுத்தளத்துக்குள் போவதில்லை. இடையில் ஏபிஐ என்ற வாசல் இருக்கிறது. அலுவலகத்தில் கருமபீடத்து எழுதுவினைஞர் போல. உள்ளே இருக்கும் இடாப்புகளை நாம் தொடமுடியாது, கேட்டால் அவர் எடுத்துத் தருவார்.

300 தொழிலாளர்கள் உள்ள ஒரு நிறுவனத்தின் பட்டியல் வேண்டும். ஒவ்வொருவருடைய விசா முடிவுத் திகதியும் வேண்டும். ஒரு செயலி முதலில் பட்டியலைக் கேட்கிறது. பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விசா விபரத்தைக் கேட்கிறது. 1 + 300, மொத்தம் 301 கேள்விகள். ஒவ்வொன்றும் போய்வர பத்தில் ஒரு செக்கன் எடுத்தாலும், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் முப்பது செக்கன். இதை மென்பொருள் எழுதுபவர்கள் என்-கூட்டல்-ஒன்று சிக்கல் என்பார்கள். உள்ளேயே அட்டவணைகளைச் சேர்த்துவிட்டால் ஒரு கேள்வி, ஒரு பதில்.

பேஸ்புக் நிறுவனம் தன் கைத்தொலைபேசிச் செயலிக்காக 2012இல் கிராப்கியூஎல் என்ற முறையை உருவாக்கி, 2015இல் எல்லோருக்கும் திறந்துவிட்டதும் இதே தேவையால்தான். 'இன்னாருடைய பெயர், அதற்குள் அவருடைய விசா, அதற்குள் அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள்' என்று, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி போல, வேண்டிய வடிவத்தை ஒரே கேள்வியில் எழுதலாம். ஆனால் கேள்வி ஒன்றானதால் உள்ளே வேலையும் ஒன்றாகிவிடாது. வாசலுக்குப் பின்னால் கவனமின்றி எழுதியிருந்தால், அதே 301 கேள்விகள் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

சேர்ப்பதில் இன்னொரு பொறி, கணக்கு பெருகுவது. ஒருவருக்குச் சம்பள அட்டவணையில் மூன்று மாதத்துக்கு மூன்று நிரை. ஒவ்வொன்றும் 2,000 திர்ஹம். தங்கியிருப்போர் அட்டவணையில் அவருடைய மனைவியும் மகளும் இரண்டு நிரை. மூன்று அட்டவணைகளையும் ஒரேயடியாகச் சேர்த்தால் 3 பெருக்கல் 2, ஆறு நிரை வரும். சம்பளத்தைக் கூட்டினால் 6,000க்குப் பதிலாக 12,000 திர்ஹம். அவர் அந்தப் பணத்தைக் கண்டதே இல்லை. குடும்ப விசாவுக்கு வருமானம் பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு கூட்டல் நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சம்பளத்தை முதலில் தனியே கூட்டி, ஆளுக்கு ஒரு நிரையாக்கி, அதன்பின் சேர்ப்பதே சரியான வழி.

அட்டவணைகள் வெவ்வேறு அலுவலகங்களில் இருந்தால்

இதுவரை சொன்னது ஒரே தரவுத்தளத்துக்குள் நடப்பது. நடைமுறையில் குடிவரவு ஓர் அலுவலகம், தொழில் அமைச்சு ஓர் அலுவலகம், வீட்டு வாடகைப் பதிவு வேறு, வங்கி வேறு. அமீரகத்தின் யூஏஈ பாஸ் என்ற அடையாளம் 2018இல் வந்தது. அந்த ஓர் அடையாளத்தால் பல அரச சேவைகளுக்குள் நுழையலாம். குவைத்தில் 2021 செப்டெம்பரில் சஹல் என்ற செயலி வந்தது. சவூதியில் அப்ஷர், கட்டாரில் மெட்ராஷ். எங்களுக்குத் தெரிவது ஒரு திரை. அதன் பின்னால் பல வாசல்கள்.

வெவ்வேறு அலுவலகங்களின் தரவு ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படும் என்று சொல்லமுடியாது. ஓரிடத்தில் மாற்றியது மறு இடத்துக்குப் போய்ச் சேரும்வரை, ஒரே ஆளைப் பற்றி இரண்டு உண்மைகள் இருக்கும். இதை எங்கள் குடும்பங்கள் அதிகம் சந்திப்பது கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போதுதான். புதிய கடவுச்சீட்டுக்குப் புதிய எண். வதிவிடப் பதிவில் இருப்பதோ பழைய எண். முன்னர் பழைய கடவுச்சீட்டில் விசா ஒட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் பார்ப்பவர் கண்ணாலேயே பொருத்திக்கொள்வார். இப்போது அந்தப் பொருத்தத்தைச் செய்யவேண்டியது கணினி. எனவே கடவுச்சீட்டைப் புதுப்பித்தவுடன் புதிய எண்ணை வதிவிடப் பதிவில் சேர்ப்பிக்கவேண்டும். டுபாய் விசா என்றால் அங்குள்ள வதிவிட, வெளிநாட்டவர் விவகாரப் பணியகத்திலும், மற்ற எமிரேட்டுகள் என்றால் அடையாள, குடியுரிமைக் கூட்டாட்சி அதிகாரசபையிலும் இதைச் செய்யலாம். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் இதை முடிப்பது நல்லது.

தாய் நிரையும் பிள்ளை நிரையும்

தரவுத்தளத்தில் இன்னொரு விதி உண்டு. ஒரு நிரையைச் சார்ந்து வேறு நிரைகள் இருக்கும்வரை அந்தத் தாய் நிரையை அழிக்கமுடியாது. முதலில் பிள்ளை நிரைகளுக்கு ஒரு வழி செய்யவேண்டும். அமீரகத்தில் குடும்ப விசாவின் விதியும் இதே மாதிரிதான். குடும்பத் தலைவரின் விசாவை இரத்துச் செய்வதற்கு முன், அவரைச் சார்ந்த மனைவி பிள்ளைகளின் விசாவை இரத்துச் செய்யவேண்டும், அல்லது வேலை மாறும் காலத்துக்கு நிறுத்திவைக்கவேண்டும்.

சங்கிலியாகப் பாருங்கள். மகளின் விசா தந்தையின் விசாவில் தொங்குகிறது. தந்தையின் விசா நிறுவனத்தில் தொங்குகிறது. நிறுவனம் அதன் வர்த்தக அனுமதியில் தொங்குகிறது. மேலே ஒரு நிரை ஆட்டங்கண்டால் கடைசி வரை ஆடும். கனடாவிலோ பிரான்சிலோ தஞ்சம் பெற்ற உறவினருக்கு, வேலை போனாலும் வதிவிட உரிமை தனியே நிற்கும். வளைகுடா ஒத்துழைப்புச் சபையின் ஆறு நாடுகளில் ஒன்றும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சேரவில்லை. அங்கே 'அகதி' என்ற நிரலே இல்லை. போரால் ஊரை விட்டவரும் விரும்பி வேலைக்கு வந்தவரும் ஒரே அட்டவணையில், ஒரே வகை நிரையாகத்தான் இருக்கிறார்கள். ஆகவே அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எப்போது முடிகிறது என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்திருக்கவேண்டும்.

யார் கேட்கலாம்?

ஒரே கேள்வியில் எல்லாம் வரும் என்பது வசதி. அதுவே ஆபத்தும் கூட. 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்களிப்பதற்காக எழுதிய பெயரும் முகவரியும் வேறொரு காரியத்துக்கு உதவின. ஒரு நோக்கத்துக்காகச் சேர்த்த பட்டியல் இன்னொரு நோக்கத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைக் கணினி வருவதற்கு முன்பே கண்டவர்கள் நாங்கள்.

ஏபிஐ எழுதுபவர்கள் இதில் இரண்டு காரியங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, கேட்பவர் யார் என்பதை அவர் அனுப்பும் எண்ணை வைத்து நம்பக்கூடாது. அவர் உள்நுழைந்த அடையாளத்தை வைத்தே தீர்மானிக்கவேண்டும். கேள்வியில் ஓர் இலக்கத்தை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரரின் விபரம் வந்துவிடும் என்ற ஓட்டை மிகப் பொதுவானது. ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு ஏபிஐ ஆபத்துகளைப் பட்டியலிட்டபோது 2019இலும் 2023இலும் இதையே முதலிடத்தில் வைத்தது. இரண்டாவது, கேட்டதற்கு மேல் கொடுக்கக்கூடாது. விசா முடிவுத் திகதி கேட்டவருக்குப் பிறந்த இடமும் சம்பளமும் எதற்கு? அட்டவணைகளைச் சேர்க்கும்போது எல்லா நிரல்களையும் அள்ளிக்கொண்டு வருவது எளிது. தேவையான நிரல்களை மட்டும் பெயர் சொல்லி எடுப்பதே ஒழுங்கு.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. கட்டாரில் 2016ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும், அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கூட்டாட்சி ஆணைச் சட்டமும் தனிநபர் தரவைப் பாதுகாக்க வந்தவை. அமீரகச் சட்டம் அரசாங்கத்தின் கையிலுள்ள தரவுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

வீட்டில் வைத்திருக்கவேண்டிய அட்டவணை

அரசுகளின் அட்டவணைகளை நாங்கள் கட்டவில்லை. ஆனால் எங்களுடைய குடும்ப அட்டவணையை நாங்களே வைத்திருக்கலாம். போரில் பத்திரங்களை இழந்து, அத்தாட்சிகளை மறுபடி எடுக்க அலைந்த குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு கொப்பியில் எழுதினாலே போதும்.

ஆளுக்கு ஒரு பக்கம். அதில் பெயர், கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துகள் அப்படியே. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் எழுத்து வேறென்றால் அந்த எழுத்துகளும் பக்கத்தில். தேசிய அடையாள அட்டையின் பழைய எண்ணும் புதிய எண்ணும். இதுவரை எடுத்த ஒவ்வொரு கடவுச்சீட்டின் எண்ணும், வழங்கிய திகதியும். பழையதை வீசிவிடாமல் ஒரு பிரதியாவது வைத்திருக்கவேண்டும், ஏனென்றால் பழைய பதிவுகள் பழைய எண்ணையே சாவியாகக் கொண்டிருக்கும். வளைகுடா அடையாள எண், தொழிலாளர் எண், விசா யாரைச் சார்ந்தது, எப்போது முடிகிறது. வளைகுடாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கே பிறப்புப் பதிவு இருப்பது போதாது. இலங்கைத் தூதரகத்திலோ துணைத்தூதரகத்திலோ பதிந்து, அந்த எண்ணையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இலங்கையின் அட்டவணையில் அந்தப் பிள்ளைக்கு நிரையே இல்லை.

இந்தக் கொப்பியைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுக்களில் போடவேண்டாம். ஒருவருடைய எல்லாச் சாவிகளும் ஒரே பக்கத்தில் இருப்பதால், அது ஏற்கெனவே சேர்த்து முடிந்த அட்டவணை. ஒரு பிரதி வீட்டில், இன்னொரு பிரதி வேறு நாட்டில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம். டுபாயில் இருக்கும் மகனுக்கும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்கும், ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கும் இடையிலான உறவை எந்த ஓர் அரசின் தரவுத்தளமும் முழுமையாக வைத்திருக்கவில்லை. அந்தச் சேர்க்கை எங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த வார விடுமுறையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.